பிளாஸ்டிக் சர்ஜரி எம்.சி.எச்: எங்கே சேருவது?

கேள்வி: குமாரபாளையத்துக்காரி நான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி கடைசி வருடத்தில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே படம் வரைவேன். அதனாலோ என்னவோ பிளாஸ்டிக் சர்ஜரி மேல் ஆசை, முக்கியமாக முக அழகு சிகிச்சை. எம்.எஸ்.சுக்கு மேலே மூன்று வருட எம்.சி.எச். படிக்க நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். சென்னை அரசுக் கல்லூரியா, கோவை கங்காவா, வேலூர் சி.எம்.சி.யா, புதுச்சேரி ஜிப்மரா? கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில் வருகிறது.

பதில்:

ஆளுக்கொரு பதில் வரத்தான் செய்யும். அவரவர் படித்த இடத்தை அவரவர் சொல்வார்கள். நான் அரசுக் கல்லூரியில் படித்தவன், பல வருடங்களாக ரெசிடெண்டுகளோடு (படித்துக்கொண்டே பயிற்சி பெறும் டாக்டர்களோடு) ஆபரேஷன் தியேட்டரில் நிற்பவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

நீங்கள் கேட்டிருக்கும் நான்கு இடங்களில் எதில் சேர்ந்தாலும் நல்ல டாக்டராக வெளியே வரலாம். ஆனால் நான்கும் நான்கு விதமான டாக்டர்களை உருவாக்கும். அதனால் பெயரையும் கட்டடத்தையும் ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள்: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டி வாசலில் யார் வந்து இறங்குகிறார்கள்? மூன்று வருடத்தில் உங்கள் கை எதைப் பழகப் போகிறது என்பதை அந்த வாசல்தான் முடிவு செய்யும். சிலபஸ் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாசல்தான் வேறு.

சென்னை அரசுக் கல்லூரிகளில் ஸ்டான்லியை எடுத்துக்கொள்வோம். வடசென்னையில் இருக்கிறது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கத்துத் தொழிற்சாலைகள், துறைமுகம், சின்னச் சின்னப் பட்டறைகள் எல்லாம் அதைச் சுற்றித்தான். பவர் பிரஸ்ஸில் நசுங்கிய கை, பெல்ட்டில் சிக்கிய கை, கட்டிங் மெஷினில் போன விரல் என்று வந்துகொண்டே இருக்கும். அந்த ஊர்த் தேவையிலிருந்துதான் அங்கே கைக்கென்றே தனி அமைப்பு வளர்ந்தது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி அதைக் கட்டி எழுப்பினார். இன்று அது கை ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமும் பிளாஸ்டிக் சர்ஜரி துறையும் ஒன்றாக இயங்கும் இடம்.

வெங்கடசாமி பெயரை நீங்கள் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கலாம். 1980-ல் அவரும் சுப்பிரமணியனும் எழுதிய ஒரு ஃபிளாப் (தன் ரத்தக் குழாயோடு இடம் மாற்றி வைக்கும் தோல், சதைத் துண்டு) உலகம் முழுக்க அவர் பெயரிலேயே வழங்குகிறது. விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டு எலும்பு வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்துத் தையல் போட்டு அனுப்பிவிடலாம், அரை மணி வேலை. ஆனால் விரல் குட்டையாகிவிடும். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினால், எலும்பின் மேல் அது பிடிக்காது, பிடித்தாலும் உணர்ச்சி சரியாக வராது. வெங்கடசாமி செய்தது இது: விரலின் பக்கவாட்டில், தோல் மிச்சமிருக்கும் நீளமான பக்கத்தில், வெட்டு விளிம்பையே அடியாக வைத்துச் சாய்வாக ஒரு முக்கோணம். அதற்குள் ஓடும் ரத்தக் குழாயையும் நரம்பையும் அறுக்காமல் அப்படியே விட்டு, முக்கோணத்தை மட்டும் விடுவித்து முன்னால் நகர்த்தி நுனியை மூடுவது. பின்னால் விழும் இடைவெளியை நேராகத் தைத்துவிடலாம். கையை மட்டும் மரக்க வைத்தால் போதும், மைக்ரோஸ்கோப் வேண்டாம், விரல் நீளம் குறையாது. எல்லாவற்றுக்கும் மேலாக நுனியில் உணர்ச்சி இருக்கும். நூல் இழையைத் தொட்டுப் பார்த்து வேலை செய்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விசைத்தறிக்காரர் மகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஃபிளாப்பை யாரும் மேசையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நாள்தோறும் அதே மாதிரிக் காயம் அதே வாசலில் வந்து நின்றதால் பிறந்தது. உங்கள் ஆர்வமும் அப்படித்தான் உருவாகும். 'ஏஸ்தெடிக்ஸ்தான் சார்' என்று அழகு சிகிச்சை ஆசையோடு உள்ளே வந்து கைக்கு மாறியவர்களையும், கைதான் என்று வந்து பிள்ளைகளின் பிளவுபட்ட உதட்டுக்கு மாறியவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். இப்போது இருக்கும் ஆசையை வைத்து இடத்தைத் தேடாதீர்கள். நிறைய வகை நோயாளிகள் வரும் இடமாகப் பார்த்துச் சேருங்கள். ஆசை அங்கே போய்த் தெளிவாகும்.

கங்காவின் வாசல் வேறு. 1978-ல் சின்ன ஆஸ்பத்திரியாகத் தொடங்கிய இடம் அது. அண்ணன் தம்பி இருவரில் டாக்டர் ராஜசேகரன் எலும்புத் துறையையும் டாக்டர் ராஜா சபாபதி பிளாஸ்டிக் துறையையும் வளர்த்தார்கள். அங்கே போகிறவர் கற்றுக்கொள்ளும் மிகப் பெரிய விஷயம், நசுங்கிய காலை எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் டாக்டரும் முதல் மணி நேரத்திலேயே சேர்ந்து நின்று பார்ப்பது. பல ஆஸ்பத்திரிகளில் எலும்புக்காரர் ராடு போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து, காயம் சீழ் பிடித்த பிறகு நமக்கு 'ரெஃபரன்ஸ்' எழுதுவார். அப்போது ஃபிளாப் போடுவது பாதித் தோல்வியோடு தொடங்குவது மாதிரி. காலைக் காப்பாற்றலாமா எடுத்துவிடலாமா என்று முடிவெடுக்க 2006-ல் அவர்கள் வெளியிட்ட மதிப்பெண் முறை இருக்கிறது. தோல், எலும்பு, தசை, உடலின் மற்றக் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். 14-ம் அதற்குக் கீழும் என்றால் காப்பாற்றப் பார்க்கலாம், 17-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும், நடுவில் இருப்பது அனுபவத்தை வைத்து முடிவு செய்ய வேண்டியது. அந்த நடுப்பகுதியில் எப்படி யோசிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். அங்கே நீங்கள் படிப்பது தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.ஆர்.என்.பி. பட்டம் என்பதை நினைவில் வையுங்கள். எம்.சி.எச்.சுக்கு அது குறைந்ததில்லை. தேர்வு மட்டும் வேறு அமைப்பு நடத்துவது, சற்றுக் கடினமானது என்று பெயர்.

வேலூரில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அங்கே கை அறுவை தனித் துறை, பால் பிராண்ட் என்ற டாக்டரின் பெயரில் இயங்குகிறது. உங்கள் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் அவர். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்குத் தசைநாணை இடம் மாற்றிக் கையைத் திறந்து கொடுத்த வேலை வேலூரில்தான் நடந்தது. அவர் எலும்பு அறுவை டாக்டர், ஆனால் நம் துறையில் அவர் தொடாத கை கிடையாது. சி.எம்.சி.யின் ஒழுங்கு, கேஸ் டிஸ்கஷன், நோயாளியிடம் பேசும் முறை இதெல்லாம் வேறெங்கும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. ஆனால் கை வேறு துறையில் இருக்கும்போது பிளாஸ்டிக் ரெசிடெண்டுக்குக் கையில் எவ்வளவு பழக்கம் கிடைக்கும், எத்தனை மாதம் அங்கே அனுப்புகிறார்கள் என்பதை இப்போது படிக்கிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் கவுன்சலிங்கில் கொடுக்கும் விருப்ப வரிசையில் எழுத வேண்டும்.

ஜிப்மர் நீட் எஸ்.எஸ். வழியாக வராது. அதற்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்ற தனித் தேர்வு எழுத வேண்டும், எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. எல்லாம் அதில்தான். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. எழுதுவதில் நஷ்டம் இல்லை.

தீக்காயத்தை நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காதவர்கள்தான் அதிகம், அதனால் நானாகச் சொல்கிறேன். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசுக் கல்லூரியின் தீக்காயப் பிரிவு பெரியது. நாற்றமும் அழுகையும் நிறைந்த வார்டு என்று பலர் ஒதுங்குவார்கள். ஆனால் உங்கள் ஜெனரல் சர்ஜரிப் பின்னணி முழுசாகப் பயன்படும் இடம் அதுதான். 60 கிலோ எடையுள்ள பெண், 40 சதவீதத் தீக்காயம் என்றால் பார்க்லேண்ட் கணக்குப்படி 4 × 60 × 40, முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லி திரவம். அதில் பாதி, 4,800 மில்லி, முதல் எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். எட்டு மணி நேரம் என்பது தீப்பிடித்த நேரத்திலிருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை. மூன்று மணி நேரம் ஆம்புலன்ஸில் வந்திருந்தால் மிச்சம் ஐந்து மணிதான். அதன் பிறகும் கணக்கை நம்பி உட்காராமல் சிறுநீர் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். எம்.எஸ். நன்றாகச் செய்தவருக்கு இது கைவந்த கலை. பிறகு வருவதுதான் பிளாஸ்டிக்: வெந்த தோலைச் சீவி எடுப்பது, வேறிடத்துத் தோலை எடுத்து கிராஃப்ட் போடுவது, மாதங்கள் கழித்துக் கழுத்தும் அக்குளும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்போது விடுவிப்பது. தீக்காய வார்டில் ஆறு மாதம் ஒழுங்காக நின்றவரின் தோல் பற்றிய அறிவே தனி. நாளைக்கு நீங்கள் முகத் தோலை இழுத்துத் தைக்கும்போது அந்த அறிவுதான் கூட வரும்.

இப்போது உங்கள் ஓவியத்துக்கு வருகிறேன். படம் வரையத் தெரிந்தால் நல்ல பிளாஸ்டிக் சர்ஜன் ஆகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. வரைகிறவருக்குக் கண் பழகியிருக்கும், அது பெரிய வரம். அது முதலில் வெளிப்படுவது மூக்கு அழகு சிகிச்சையில் இல்லை, மூன்று மாதக் குழந்தையின் பிளந்த உதட்டில். கத்தி வைப்பதற்கு முன்னால் மெத்திலீன் நீலத்தில் ஊசி முனையால் புள்ளிகள் வைப்போம். உதட்டு வில்லின் உச்சி எங்கே, தாழ்வு எங்கே, பிளவின் மறுபக்கத்தில் அதற்கு ஈடான புள்ளி எங்கே என்று கேலிப்பரை வைத்து அளந்து வைக்க வேண்டும். உதட்டுச் சிவப்புக்கு மேலே மெல்லிய வெளிர் விளிம்பு ஒன்று ஓடும். தைக்கும்போது இரண்டு பக்க விளிம்பும் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் போதும், எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் கண்ணில் வாழ்நாள் முழுக்கப் படும். அந்தப் புள்ளிகளைச் சீனியர் வைக்கும்போது பக்கத்தில் ஒரு தாளில் நீங்களும் வரைந்துகொள்ளுங்கள், அறுவை முடிந்ததும் மறுபடி வரையுங்கள். என்னிடம் படித்தவர்களில் கை வேகமாகத் தேறியவர்கள் எல்லாம் இப்படி நோட்டு வைத்திருந்தவர்கள்தான். அதனால் போகிற இடத்தில் இந்தப் பிளந்த உதடு, அதாவது கிளெஃப்ட் கேஸ் வருகிறதா, அதைப் பிளாஸ்டிக் துறை செய்கிறதா, வாய்முக அறுவைத் துறை செய்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

அழகு சிகிச்சை மேல் உள்ள ஆசையில் தப்பே இல்லை. நல்ல வேலை அது, சரியாகச் செய்தால் மனிதர்களை நிமிர்ந்து நடக்க வைக்கும். ஆனால் எம்.சி.எச்.சில் அதை எதிர்பார்த்துச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். அரசு ஆஸ்பத்திரியில் அந்தக் கேஸ்கள் குறைவு. தனியாரில் நிறைய வரும், ஆனால் கையிலிருந்து பணம் கட்டிய நோயாளி கன்சல்டண்ட் கைதான் வேண்டும் என்பார், நீங்கள் பக்கத்தில் நின்று சதையை விலக்கும் ரிட்ராக்டர் பிடிப்பீர்கள். அதைப் படித்து முடித்த பிறகு ஃபெலோஷிப்பில் கற்றுக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் கற்கிறார்கள். விரல் ரத்தக் குழாயைத் தைப்பதை மட்டும் பிறகு எந்த ஃபெலோஷிப்பிலும் நிதானமாகக் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குழாய், முடியைவிட மெல்லிய 10-0 நைலான் நூல், மூச்சு இழுத்தாலே மைக்ரோஸ்கோப்புக்குள் கை ஆடுவது தெரியும். அதை ரெசிடென்சியில்தான் பழக வேண்டும், இரவு இரண்டு மணிக்கு, அறுந்த விரலை ஐஸ் டப்பாவில் யாரோ கொண்டுவந்த பிறகு.

அதைவிடவும் முக்கியமானது ஃபிளாப் போட்ட முதல் ராத்திரி. வாய்ப் புற்றுக்குத் தாடையை எடுத்துவிட்டுக் காலிலிருந்து எலும்போடு ஃபிளாப் வைத்திருப்பார்கள். பத்து மணி நேர அறுவை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டியவர் நீங்கள். நிறம், சூடு, விரலால் அழுத்தி எடுத்தால் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது, ஊசியால் குத்தினால் என்ன ரத்தம் வருகிறது. நல்ல சிவப்பாக மெதுவாக வந்தால் நிம்மதி. கருநீலமாகக் குபுக்கென்று வந்தால் சிரையில் அடைப்பு. வெளிறிப்போய் ஒன்றுமே வரவில்லை என்றால் தமனி நின்றுவிட்டது. சந்தேகம் வந்த கணத்தில் போன் செய்ய வேண்டும், தியேட்டருக்குள் திரும்பக் கொண்டுபோக வேண்டும். காலை ரவுண்ட்ஸ் வரை பார்ப்போம் என்று விட்டால் ஃபிளாப் போய்விடும். ஒரு பயிற்சி இடம் நல்லதா என்று அளக்க எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: இரவு இரண்டு மணிக்கு முதல் வருட ரெசிடெண்ட் போன் செய்தால் சீனியர் எடுப்பாரா, எடுத்தால் திட்டுவாரா, கிளம்பி வருவாரா? இதைத் துறைத் தலைவரிடம் கேட்காதீர்கள். கேண்டீனில் இரண்டாம் வருடத்தாரிடம் கேளுங்கள்.

அவர்களிடம் இன்னும் சில கேட்க வேண்டும். போன மாதம் அவர்கள் தாங்களே செய்த கேஸ் என்ன, அசிஸ்ட் செய்தது என்ன, கேஸ்களைக் குறித்து வைக்கும் லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். பழகுவதற்கென்று தனி மைக்ரோஸ்கோப் இருக்கிறதா? கோழித் தொடையில் இருக்கும் ரத்தக் குழாயை வைத்தே மாதக்கணக்கில் பழகலாம், செலவு ஒன்றும் இல்லை, ஆனால் மைக்ரோஸ்கோப் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் எதுவும் நடக்காது. முக எலும்பு முறிவு யாருக்குப் போகிறது? கை காயம் எலும்புத் துறைக்கா நமக்கா? இந்தப் பங்கு பிரிப்பு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். எந்த வெப்சைட்டிலும் எழுதியிருக்காது.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. நீட் எஸ்.எஸ். 150 கேள்வி, 600 மதிப்பெண், தப்புக்கு ஒன்று குறையும். உங்கள் தாள் ஜெனரல் சர்ஜரித் தாள்தான். பிளாஸ்டிக் தனியாகப் படித்துக் குவிக்க வேண்டாம், எம்.எஸ். பாடத்தை ஆழமாகப் படியுங்கள். எம்.பி.பி.எஸ். முடித்து நேரே சேரும் ஆறு வருட டி.ஆர்.என்.பி.யும் இருக்கிறது. உங்களுக்கு அது இனித் தேவையில்லை, ஆனால் உங்கள் ஜூனியர்கள் கேட்பார்கள். வருடக் கணக்கில் லாபம் இல்லை, மூன்றும் மூன்றும் ஆறுதான். இரண்டாவது நுழைவுத் தேர்வு எழுத வேண்டாம் என்பது மட்டும்தான் லாபம். ஆனால் நடுவில் மனம் மாறினால் கையில் எம்.எஸ். பட்டம் இருக்காது.

பணம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்பாவின் தொழிலை எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். நிகர்நிலைப் பல்கலைக்கழக சீட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள். மூன்று வருடக் கடனோடு வெளியே வருகிறவர் அடுத்த நாளே முடி நடவும் லைப்போசக்‌ஷனும் செய்துதான் ஆக வேண்டும். கையோ கிளெஃப்ட்டோ செய்யும் சுதந்திரம் அவருக்கு இருக்காது. அரசுப் பணியில் சேர்ந்தால் இன்னொரு வழி இருக்கிறது: தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் பாதியைப் பணியில் இருக்கும் அரசு டாக்டர்களுக்கு ஒதுக்கும் ஆணை 2020-ல் வந்தது, 2022-ல் உச்ச நீதிமன்றமும் அனுமதித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தபடி தயார் செய்து இந்த வழியில் வந்து நல்ல ரெசிடெண்டுகள் ஆனவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக்குச் சம்பளமும் போகும். பாண்ட் (படித்தபின் அரசுப் பணி செய்வதாக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம்) நிபந்தனைகளை மட்டும் அந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

என்னை வரிசை எழுதச் சொன்னால் உங்களுக்கு ஸ்டான்லியை முதலில் எழுதுவேன். கையும் பிளாஸ்டிக்கும் ஒரே கூரையின் கீழ், கேஸுக்குப் பஞ்சம் இல்லை, செலவு குறைவு. 2018-ல் ஒரு கூலித் தொழிலாளிக்கு இரண்டு கைகளையும் மாற்றிப் பொருத்தும் அளவுக்கு அரசு ஆஸ்பத்திரி போக முடியும் என்று காட்டிய இடம். அடுத்து கங்கா. குமாரபாளையத்துக்குப் பக்கம் என்பதும் ஒரு காரணம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மூன்று வருடத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனால் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம். மூன்றாவதாக மெட்ராஸ் மெடிக்கல் காலேஜும் கீழ்ப்பாக்கமும், பிறகு வேலூர். அங்கே கைப் பயிற்சி பற்றி நல்ல பதில் கிடைத்தால் வேலூரை மேலே ஏற்றுங்கள். ஐ.என்.ஐ. எஸ்.எஸ்.சில் ஜிப்மர் கிடைத்து, அங்கே படிக்கிறவர்களின் லாக் புக்கும் திருப்தியாக இருந்தால், இந்த வரிசையை மறந்துவிட்டுச் சேர்ந்துவிடுங்கள்.

தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை உள்ள இடைவெளியில் லீவு போட்டு முதல் இரண்டு இடங்களுக்கும் போய் நில்லுங்கள். அனுமதிக் கடிதம் கொடுத்தால் பார்வையாளராக விடுவார்கள். பகலில் தியேட்டரைப் பாருங்கள், ஆனால் ஒரு ராத்திரியாவது கேஷுவாலிட்டியில் இருங்கள். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், வரிசையை மாற்ற வேண்டியிருந்தால் கவுன்சலிங்குக்கு முன்னால் பேசிக்கொள்ளலாம்.